சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை போகும் பழைய ரூட் 66 நெடுஞ்சாலையில் போனவர்களே, யாரை மறக்க முடியவில்லை?

சிகாகோவாசி:
நாலு வருஷமாக இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். டெக்சஸின் அமரில்லோவில், மண்ணில் பாதி புதைத்து நிறுத்தியிருக்கும் கெடிலாக் கார்களுக்குப் பெயின்ட் அடித்து (பிள்ளைகள் சட்டையெல்லாம் ஊதா), ஆளில்லாத கிளென்ரியோவைத் தாண்டி நியூ மெக்சிகோவின் டுகும்காரி போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. தங்கியது ஒரு பழைய மோட்டலில். நடத்துவது அறுபதைத் தாண்டிய குஜராத்தி அம்மா. இங்கே மோட்டல் என்றாலே பட்டேல்கள்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வறண்ட ஊரில் பருத்திச் சேலையும் மேலே ஸ்வெட்டருமாக ஒருவர் கவுன்டரிலிருந்து எழுந்து வந்ததும் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாவியைக் கொடுத்துவிட்டு எங்களை வாசலுக்குக் கூட்டிப்போய் ஸ்விட்சைப் போட்டார். நியான் பலகை துடித்துத் துடித்து முதலில் சிவப்பாக, அப்புறம் நீலமாக எரிந்தது. ஒரு எழுத்து மட்டும் எரியவில்லை. அதைச் சரிசெய்ய ஆல்புகர்க்கியிலிருந்து ஆள் வரவேண்டுமாம். தெருவில் ஒரு வண்டி கிடையாது. எல்லாம் புதிய ஐ-40 விரைவுச் சாலையில் போய்க்கொண்டிருந்தன. "காலையில் சாய் போடுகிறேன், குடித்துவிட்டுத்தான் போகணும்" என்றார். சரி என்றோம்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் கிராண்ட் கேன்யன் போயாக வேண்டும் என்று நான்தான் பறந்தேன். ஐந்து மணிக்கே சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம். தெருவில் திரும்பும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், ஆபீஸ் விளக்கு எரிகிறது. எவர்சில்வர் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நிற்கிறார். கையை உயர்த்தினார். போய்வரச் சொன்னாரா, நிற்கச் சொன்னாரா, தெரியவில்லை. நான் நிறுத்தவில்லை.

பீனிக்ஸ்காரன்:
அரிசோனா மலையிலுள்ள ஓட்மேன் என்றால் எல்லோரும் அந்த ஊர்த் தெருவில் திரியும் கழுதைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் சிட்கிரீவ்ஸ் கணவாய். 40 அடிக்கு மேல் நீளமான வண்டி அங்கே போகக்கூடாது. உள்ளேயே தங்கும் வசதியுள்ள எங்கள் ஆர்.வி. வண்டி 30 அடிதான். அப்படியும் ஒரு கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டேன். எதிரே பழைய பிக்கப். அதிலிருந்த பெரியவர் இறங்கி வந்து, ஜன்னல் வழியாக என் ஸ்டியரிங்கில் கை வைத்தார். "என்னைப் பார், பள்ளத்தைப் பார்க்காதே." அவர் திருப்பத் திருப்ப நான் பிரேக்கை விட்டேன், பிடித்தேன். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை. வளைவு தாண்டியதும் ஒரு தண்ணீர் பாட்டில் நீட்டினேன், வாங்காமல் போய்விட்டார். கார் வந்த புதிதில் இந்த ஏற்றத்துக்குப் பயந்தவர்கள் உள்ளூர் ஆளுக்குக் காசு கொடுத்து ஓட்டச் சொல்வார்களாம். எனக்கு ஓட்டிக் கொடுத்தவர் பெயர்கூடத் தெரியாது.

பழையசாலை:
சிகாகோவாசி, வருத்தப்படாதீர்கள், ஆனால் தவறு திட்டத்தில் இருக்கிறது. கிராண்ட் கேன்யனுக்கு நேரம் குறித்துக்கொண்டு 66-இல் இறங்கினால் இப்படித்தான் ஆகும். மொத்தம் 2,448 மைல், எட்டு மாநிலம். இரண்டு வாரமாவது இல்லாமல் கிளம்பவே வேண்டாம். 1985-லேயே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து 66 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள், அதனால் ஜி.பி.எஸ். உங்களை ஐ-40-இலும் ஐ-44-இலும்தான் தள்ளும். பழைய 66-ஐக் காட்டும் பழுப்புப் பலகைகளைப் பார்த்து ஓட்டுங்கள். பழைய சாலை பல இடங்களில் முட்டுச் சந்தாக முடியும், திரும்பி வரத் தயாராக இருங்கள். கான்சாஸில் வெறும் 13 மைல்தான் என்று விட்டுவிடாதீர்கள். மோஹாவி பாலைவனத்தில் ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கோடையில் நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குள் வந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், ஆனால் நவாஹோ பழங்குடியினரின் பகுதிக்குள் அப்படி மாறாது. மோட்டலுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள், பெரிய செயலிகளில் பாதி இடங்கள் இருக்காது.

என் அனுபவம் சின்னது. ஓக்லஹோமாவில் மயாமி ஊரை அடுத்து ஒன்பதடி அகலச் சாலை இன்னும் இருக்கிறது, ஒரு கார் அளவுதான். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டிய பெண் எனக்கு முன்னால் சரளையில் இறங்கி வழிவிட்டார். அவருடைய ஊர், அவருடைய சாலை. நான்தானே இறங்கியிருக்க வேண்டும்?

துல்சாவிலிருந்து:
பழையசாலை அண்ணா, பழைய மோட்டல், பழைய பம்ப் என்று எல்லோரும் ஆசையாகப் பேசுகிறோம். என்னோடு வேலை செய்த கறுப்பினப் பெரியவர் ஒருவரை லூதரில் உள்ள த்ரெட் பெட்ரோல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கறுப்பினக் குடும்பம் ஒன்று அந்தக் காலத்திலேயே சொந்தமாக நடத்திய இடம், மணற்கல் கட்டடம். அவர் படம் எடுக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். சிறுவயதில் இந்த வழியாகப் போகும்போது அம்மா இரண்டு நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொள்வாராம், அப்பா ராத்திரி முழுக்க ஓட்டுவாராம். இருட்டினால் கறுப்பர்கள் இருக்கக்கூடாது என்ற ஊர்கள் வழி நெடுக. எங்கே நிற்கலாம், எங்கே தூங்கலாம் என்று சொல்ல 1936 முதல் 'கிரீன் புக்' என்று தனிக் கையேடே வந்தது. "வாசலில் நின்று கூப்பிடும் மோட்டலை நாங்கள் பார்த்ததில்லை" என்றார். சிகாகோவாசியின் பதிவைப் படித்ததும் அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

சிகாகோவாசி:
இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பழையசாலை, நீங்கள் சொன்னது சரி, அவசரம் என்னுடையது. அடுத்து யாராவது டுகும்காரி போகிறீர்களா? கிழக்கிலிருந்து நுழைந்தால் வலப்பக்கம், பலகையில் ஒரு எழுத்து எரியாத மோட்டல். இப்போது எரிந்தால் ரொம்ப சந்தோஷம். உள்ளே போய், சாய் குடிக்காமல் போன மெட்ராஸ் குடும்பம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டே கிளம்புங்கள்.