பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே பிரேக் பைப் மாற்றிய அனுபவம்

தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள், வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் பைப்பை வருஷத்துக்கு ஒரு தடவையாவது படுத்துப் பாருங்கள். வெளியே தெரிகிற இடத்தில் பைப் நன்றாகவே இருக்கும். பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குள்தான் சேறும் உப்பு ஈரமும் அடைந்து அரிக்கும். என் மாருதி 800-இல் பின்பக்கம் போகிற பைப் அப்படித்தான் போயிருந்தது. கிளிப்பை எடுத்துவிட்டு நகத்தால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அதற்கடியில் பிரேக் ஆயில் கசிந்திருந்தது.

ஒழுகுகிற இடத்தை மட்டும் வெட்டி ஜாயின்ட் போடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்ற கிளிப்புகளுக்குள்ளும் அதே வயசு பைப்தானே இருக்கிறது? ஏசி வேலைக்குப் போடும் செம்புக் குழாயைச் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம், ஓட்டத்தின் அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். நான் போட்டது 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் கலவை பைப். துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம்.

பைப்பில் கை வைப்பதற்கு முன், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, வீல்களில் இருக்கிற நிப்பிள்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அது உடைந்தால் வீல் சிலிண்டரும் செலவில் சேரும். முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டேன். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், பைப் நட்டுக்கென்றே வாய் வெட்டிய ஸ்பேனர் இருக்கிறது. நட் பைப்போடு ஒட்டிக்கொண்டு சுற்றினால் போராட வேண்டாம். பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறுமூலை சாக்கெட் போட்டால் வந்துவிடும். பக்கத்திலேயே பெட்ரோல் பைப்பும் ஓடுவதால் சூடு காட்டவே கூடாது. வண்டி ஜாக்கியை நம்பி நிற்கக்கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

பொறுமை வேண்டியது பைப்பின் வாயை விரிக்கிற வேலைக்குத்தான். கட்டரால் நேராக வெட்டி, உள்பக்கப் பிசிறை எடுத்து, நட்டை முதலில் கோத்துவிட வேண்டும். அப்புறம் வாய் விரிக்கிற கருவியின் இரும்புக் கட்டையில் பைப்பை இறுக்கி, அதோடு வரும் சின்ன அச்சின் விளிம்பு உயரத்துக்கு மட்டும் வெளியே நீட்டி அழுத்தினால் வாய் உப்பும். அச்சை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் அந்த உப்பல் உள்ளே மடிந்து இரட்டைச் சுவராக உட்காரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பு முழு வட்டமாக, கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கோணல் வாய் அடைக்காது. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இந்த வாயின் வடிவமே வேறு, அதனால் பழைய பைப்பையும் நட்டையும் கையில் வைத்துக்கொண்டே சாமான் வாங்குங்கள்.

ஏர் எடுக்க மச்சானை உட்காரவைத்தேன். "மிதி… பிடிச்சுக்கோ… இப்ப விடு" என்று, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது வீலில் ஆரம்பித்தோம். சில வண்டிகளில் வரிசை மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் தரைவரை போனால், உள்ளே இருக்கிற ரப்பர் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். புது டின் டாட் 3 தர பிரேக் ஆயில்தான் ஊற்றினேன். திறந்து வைத்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெயின்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பெடல் கல் மாதிரி நின்ற பிறகும் தெருவுக்கு எடுக்கவில்லை. மச்சான் பலமாக மிதித்துப் பிடிக்க, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்த்தேன். மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் உள்ள வண்டியென்றால் இன்ஜினை ஓடவிட்டும் இதைச் செய்ய வேண்டும், அப்போதுதான் முழு அழுத்தம் வரும். தாள் எல்லா இடத்திலும் காய்ந்தே வந்தது. பின் ஹோஸை வளைத்துப் பார்த்தபோது ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிந்ததால், அதையும் மாற்றிவிட்டு மறுபடி ஏர் எடுத்த பிறகுதான் வண்டியை வெளியே எடுத்தேன்.