ஏற்காட்டில் கற்பதுக்கைகள் உள்ள காப்பித் தோட்டத்தில் விடுதி கட்டப் போகிறார்கள்: ஊர் மக்கள் என்ன செய்யலாம்?

மலைத்தோட்டத்தார், ஏற்காடு வட்டம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரை ஒட்டிய பழைய காப்பித் தோட்டம் ஒன்று சென்ற ஆண்டு கைமாறியது. அங்கே சுற்றுலா விடுதி கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். தோட்டத்தின் மேற்குச் சரிவில், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பலகைக் கற்களைப் பெட்டி போல நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடிய அமைப்புகள் பல இருக்கின்றன. என் பாட்டி அவற்றைக் 'குள்ளர் வீடு' என்பார். அவை பெருங்கற்கால மக்கள் இறந்தோருக்கு எழுப்பிய கற்பதுக்கைகள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சென்ற வாரம் பாதை போடுவதற்குப் பொக்லைன் இறங்கியது. ஒரு பதுக்கையின் கிழக்குப் பலகை இப்போது சாய்ந்து கிடக்கிறது. வட்டமான இடுதுளை இருந்தது அந்தப் பலகையில்தான். சிறு வயதில் அதன் வழியாகக் கையை விட்டு உள்ளே இருக்கும் குளிர்ந்த மண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். துளையின் பாதி பெயர்ந்து போய், பாசி படிந்த கல்லில் உடைந்த இடம் மட்டும் வெளிறித் தெரிகிறது. பக்கத்தில் குவித்திருந்த மண்ணில் உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமான பானை ஓடுகள் கிடந்தன. நான் அவற்றை எடுக்கவில்லை.

வேலையை மேற்பார்வையிட்டவரிடம் கேட்டேன். இது அரசு பாதுகாக்கும் இடம் என்பதற்குத் தாள் இருந்தால் காட்டுங்கள் என்றார். பட்டா நிலத்தில் தங்களால் தலையிட முடியாது என்று ஓர் அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். ஊரிலும் ஒருமித்த கருத்து இல்லை. விடுதி வந்தால் பத்துப் பேருக்காவது வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விடுதியே கூடாது என்பதல்ல என் நிலை. அந்தச் சரிவை மட்டுமாவது காப்பாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறதா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சேலத்து வழக்கறிஞர்:

முதலில் கசப்பான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்றும் இருக்கும் விதி, மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடங்களுக்கே பொருந்தும். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதிலும் பாதுகாப்பு என்பது அறிவிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. பட்டியலில் சேராத ஓர் இடத்தில் கட்டுவதற்கு முன் தொல்லியல் ஆய்வு நடத்தியே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் நம் நாட்டில் இல்லை. மேற்பார்வையாளர் தாள் கேட்கும் துணிச்சல் இந்த இடைவெளியிலிருந்து வருவதுதான்.

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். ஏற்காடு மலைப்பகுதி என்பதால் இத்தகைய கட்டுமானத்துக்கு நகர் ஊரமைப்புத் துறை வழியாக ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் தேவைப்படும். அந்த ஒப்புதல் பெறப்பட்டதா, எந்தெந்தத் துறைகளின் கருத்து கேட்கப்பட்டது, சமர்ப்பித்த வரைபடத்தில் அந்தச் சரிவு எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதுவரை காத்திருக்காமல், மாநிலத் தொல்லியல் துறை இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கள ஆய்வு கோரி இன்றே மனு அனுப்புங்கள். மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தப் பொறுப்பு பொக்லைன் ஓட்டச் சொன்னவருக்கும் உண்டு என்பதை மனுவில் குறிப்பிடுங்கள்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:

ஓடுகளை எடுக்காமல் வந்தீர்களே, அது பெரிய காரியம். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் பூட், பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். 1912இல் மறைந்த அவருடைய நினைவிடமும் அங்குள்ள தேவாலய வளாகத்தில் இருக்கிறது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் அவர் திரட்டிய புதிய கற்காலக் கற்கோடரிகளும் அடங்கிய தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. இந்த மலைகளில் சிறு கோயில்களின் மேடையில் இன்றும் அத்தகைய கோடரிகளைப் பார்க்கலாம். நான் பார்த்த ஒன்று உள்ளங்கை நீளம் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தும், விரலால் தடவியபோது அதன் முனை கண்ணாடி போல வழுக்கியது. எவ்வளவு பொறுமையாக அதைத் தேய்த்திருப்பார்கள் என்று வியந்து நின்றேன். ஆனால் அது எந்தச் சரிவில், எந்த ஆழத்தில், எதனுடன் கிடைத்தது என்று கேட்டால் பூசாரியாலும் சொல்ல முடியவில்லை. இடம் தெரியாத கல்லால் தன் காலத்தைப் பற்றிப் பேச முடியாது.

உங்கள் சரிவில் அப்படியில்லை. அங்கே எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் புகாமல் கறுப்பதும், வெளியே காற்றுப் பட்டுச் சிவப்பதும்தான் அந்த இரு நிறத்துக்குக் காரணம். அந்தப் பானைக்குள் படிந்த மண், அதனடியில் உள்ள எலும்பு, பக்கத்தில் வைத்த இரும்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் கணிக்க முடியும். மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 1604–1416 என்ற காலக் கணிப்பு வந்ததும், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னுக்குப் போனதும் இத்தகைய ஈமச்சின்னங்களும் வாழ்விடங்களும் உள்ள நிலத்திலிருந்துதான். விடுதிக்காரர்கள் ஒருநாள், கற்களைப் பெயர்த்து எடுத்து முகப்புத் தோட்டத்தில் அழகாக நட்டு வைக்கிறோம் என்று சொல்லக்கூடும். தயவுசெய்து அதை ஒரு தீர்வாக ஏற்காதீர்கள்.

மேட்டூர்வாசி:

ஓர் எச்சரிக்கை. உங்கள் பதிவில் ஊர்ப் பெயர் இல்லை, இனியும் எழுதாதீர்கள். எங்கள் பக்கம் அணை நீர் வற்றும்போது ஈமக்காடுகள், அதாவது பழங்கால இடுகாடுகள், வெளியே தெரியும். புதையல் இருக்கிறது என்ற வதந்தி பரவினால் இரவோடு இரவாகத் தோண்டிவிடுவார்கள். இடக்குறிப்பும் சர்வே எண்ணும் மனுவில் மட்டும் இருக்கட்டும். எங்கள் பக்கத்துத் தெலுங்கனூரில் 2025இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. ஆகவே சேலம் மாவட்டம் துறையின் பார்வையில் இல்லாத பகுதி அல்ல.

கொட்டச்சேடு சாலைக்காரர்:

மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் மலையில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. தொல்லியல் துறை வந்தால் நிலத்தில் ஒரு கொட்டகைகூடப் போட முடியாது என்ற அச்சம் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளுக்கு உண்மையாகவே உண்டு. அந்த அச்சத்தால், யாருக்கும் தெரியாமல் கல்லை உடைத்து வேலிக்குப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஊர்க் கூட்டத்தில் சட்டத்தைக் காட்டிப் பேசினால் மக்கள் விடுதிக்காரர் பக்கமே போவார்கள். எவ்வளவு நிலம், எந்த எல்லை வரை என்று அளந்து காட்டிப் பேசுங்கள்.

சேலத்து வழக்கறிஞர்:

இவர் சொல்வது நியாயம். கிராமசபையில் வைக்கும் தீர்மானம் விடுதியை எதிர்ப்பதாக இல்லாமல், கள ஆய்வு முடியும்வரை அந்தச் சரிவில் மண் வேலை நடக்கக் கூடாது என்று மட்டும் கோரட்டும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் உள்ள அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம், ஊர்தோறும் கிராமசபைத் தீர்மானம் நிறைவேறிய பிறகு, 2025 ஜனவரியில் இரத்தானது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்யவில்லை என்றாலும், அந்தத் தாள் இல்லாமல் மற்றவை நடந்திருக்காது.

மலைத்தோட்டத்தார்:

அனைவருக்கும் நன்றி. மனு இரண்டையும் இன்று விரைவு அஞ்சலில் அனுப்பினேன். கொட்டச்சேடு ஐயா சொன்னது மனதில் தைத்ததால், நேற்று ஊர்ப் பெரியவர் இருவரை அழைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து வேலியில் நின்றபடியே எண்ணிப் பார்த்தோம். முழுதாக நிற்பவை பதினொன்று, சரிந்தவை ஆறு. நில அளவைப் புலப்படத்தை வைத்துக் கணக்கிட்டால் எல்லாமே ஒன்றரை ஏக்கருக்குள் அடங்கிவிடுகின்றன. தோட்டமோ நாற்பது ஏக்கருக்கு மேல். இந்தக் கணக்கைச் சொன்னதும், விடுதியில் வேலைக்குச் சேரக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியே, 'அண்ணா, பாதையை ஓடைப் பக்கமாகத் திருப்பினால் போதுமே' என்றான். கிராமசபையில் அவனையே பேசச் சொல்லியிருக்கிறேன்.