அம்மாபேட்டை வீட்டுக் குழு

சின்ன மாமா: ஏற்காட்டில் கீழாநெல்லிப் பொடி, சீந்தில் பொடி இரண்டும் வாங்கிவிட்டேன். அண்ணனுக்கு மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுங்கள்.

அத்தை: நல்லதாய்ப் போயிற்று 🙏 அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லிதானே காப்பாற்றியது!

கவிதா: மாமா, இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். காமாலை பல பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். பெரியப்பாவுக்கு இருப்பது ஈரலில் கேன்சர் கட்டி.

சின்ன மாமா: சென்னை டாக்டர்களே கீழாநெல்லியை ஆராய்ச்சி செய்து வெளிநாட்டுப் பத்திரிகையில் போட்டார்களே?

கவிதா: போட்டார்கள், 1988இல், லான்செட்டில். ஆனால் அது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. கட்டி கரைந்தது என்று அதில் பேச்சே இல்லை.

சின்ன மாமா: சரி, சீந்தில்?

கவிதா: எனக்கு அதுதான் கூடுதல் பயம். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துவிட்டு ஈரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள். பெரியப்பா கேன்சருக்குச் சாப்பிடும் சொராபெனிப் மாத்திரையும் ஈரலில்தான் உடைபடுகிறது. நடுவில் என்ன பொடி போனாலும் மாத்திரையின் வேகம் ஏறலாம், இறங்கலாம்.

பெரியம்மா: ரசத்தில் மஞ்சள் போடலாமா கண்ணு?

கவிதா: தாராளமாகப் போடுங்கள் பெரியம்மா. மிளகுச் சத்து சேர்த்து விற்கிற மஞ்சள் மாத்திரைதான் வேண்டாம். அதனாலும் சிலருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது.

அத்தை: அப்போ மூலிகை எல்லாமே பொய்யா?

கவிதா: யார் சொன்னது? நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள். அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள் அத்தை, விஷம்.

பெரியப்பா: காபிக்கும் தடையா?

கவிதா: 😀 இல்லை பெரியப்பா. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2016இல் சொன்னது. வந்த நோயை அது ஆற்றாது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை குடியுங்கள்.

சின்ன மாமா: அப்போ ஏற்காட்டுக் காபிக்கொட்டையே வாங்கி வந்திருக்கலாம்.

கவிதா: வியாழக்கிழமை செக்கப் இருக்கிறதே, அந்தப் பொடிகளையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் மாமா.

சின்ன மாமா: லேபிள் ஏது? பேப்பரில் மடித்துக் கொடுத்தார்கள்.

கவிதா: உள்ளே இருப்பது கீழாநெல்லிதான் என்று யார் சொன்னது?

சின்ன மாமா: கடைக்காரர்தான்.

பெரியம்மா: அதைப் பரணில் வைத்துவிடு தம்பி. டாக்டர் சொல்லட்டும்.