பெட்டிக்குள்ளேதான் போகிறாள், ஆனால் காலெல்லாம் ஆய்!

பஞ்சு வீடு:
பஞ்சு எங்களிடம் வந்தபோது ஏழு வாரப் பூனைக்குட்டி. லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை ஆய் போகிற மணல் பெட்டி, பழக்குவது பெரும்பாடாக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்த அன்றே தானாகப் போய் மணலைக் கிளறி உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமை மறுநாள் காலை வரைக்கும்தான்.

பெட்டிக்குள்தான் போவாள். போனதும் அதையே மிதித்துக்கொண்டு திரும்புவாள். நாலு காலிலும் ஆய், அந்தக் காலோடு நேராக என் தலையணைக்கு. சில நாள் முன்னங்கால் பெட்டிக்குள் இருக்கும், பின்பக்கம் விளிம்புக்கு வெளியே. விழுவது தரையில்! மூடுகிற வேகத்தில் மணல் அறை முழுக்கப் பறக்கும், மூட வேண்டியது மட்டும் மூடாமல் கிடக்கும்.

முதல் வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு. அதட்டிப் பார்த்தேன். பயந்துபோய் அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய் வைத்தாள். மணல் சிதறுகிறதே என்று மூடி போட்ட பெட்டி வாங்கினேன், அதற்குள் தலையைக்கூட நுழைக்கவில்லை. தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தேன். அது பூனைக்கு ஆகவே ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. அது தரையை மிதித்துவிட்டுக் காலை நக்கும் பிராணி வேறு.

கடைசியில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அவளையே கவனித்தேன். சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் பெட்டிக்குப் போனாள். கிளறினாள், சுற்றினாள், இன்னொரு இடத்தில் கிளறினாள், மறுபடி சுற்றினாள். பெட்டியோ ஒரு சின்னத் தட்டு. திரும்பும்போதெல்லாம் மூக்கு சுவரில் இடித்தது. முடித்துவிட்டு மூடத் திரும்பினால் கால் வைக்க வேறு இடமே இல்லை, அதன் மேல்தான் வைத்தாக வேண்டும். குட்டிக்குக் குட்டிப் பெட்டி போதும் என்று நினைத்தது என் புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆய் கெட்டியாக இல்லை, களிம்பு மாதிரி இருந்தது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். சோதித்துப் பார்த்துக் குடற்புழு முட்டை இருக்கிறது என்றார். மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். பஞ்சு வீட்டுக்கு வந்த அன்றே அவள் சாப்பாட்டையும் மாற்றியிருந்தேன். ஒரு வாரம் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றியிருக்க வேண்டுமாம். ஆய் கெட்டியானதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது, கெட்டியானது காலில் ஒட்டுவதில்லையே.

மீதிப் பாதிக்குப் பழைய பிளாஸ்டிக் சாமான் பெட்டி ஒன்று. ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, வெட்டின விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மணல் வெளியே பறப்பதில்லை. உள்ளே இரண்டு அங்குல மணல். உங்கள் வீட்டுக் குட்டிகள் எப்படி?

தடுக்கு:
இதற்கா இவ்வளவு? போன இடத்தில் மூக்கைப் பிடித்துத் தேய்த்தால் தானாகப் பழகிவிடும்.

மூன்று பூனைக்காரி:
தேய்த்தால் பழகாது அண்ணா, நம்மைக் கண்டால் ஓடத்தான் பழகும். நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அந்தக் குட்டி அப்புறம் நான் பார்க்காத இடமாகத் தேடிப் போக ஆரம்பித்தது. அந்த இடங்களைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

எங்கள் கதை வேறு. நீள முடிக்காரன். பெட்டி பெரிசு, ஆய் கெட்டி, ஆனாலும் பின்பக்க முடியில் ஒட்டிக்கொண்டே வருவான். டாக்டர் வாலடியிலும் பின்தொடையிலும் முடியை மெஷினால் குறைத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். வீட்டில் கத்தரிக்கோல் வேண்டாம். பூனைத் தோல் மெல்லிசு, முடியோடு சேர்ந்து வந்துவிடும். அப்புறம் ஒன்று பஞ்சு வீடு, பெட்டி ஒன்றுதானா? எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூட வையுங்கள். என்னிடம் நாலு இருக்கிறது. வீடு பார்க்க லட்சணமாக இல்லைதான்!

ஜன்னலோரம்:
என் குட்டி தாயில்லாதது, மூன்று வாரத்தில் கிடைத்தது. அந்த வயதில் தானாகப் போகத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் வரும். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் ஒவ்வொரு பாலுக்கும் பிறகு துடைத்துவிடுவேன். நாலு வாரம் தாண்டியதும் மணலில் இறக்கிவிட்டேன். முதலில் செய்த காரியம், ஒரு வாய் மணலைத் தின்றது! நல்லவேளை, ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் வகை மணல் இல்லை. அது வயிற்றில் ஊறினால் குடலை அடைத்துவிடலாம். தின்கிற வயது தாண்டும்வரை காகிதக் குருணைதான் போட்டேன். தூங்கி எழுந்ததும் ஒரு முறை, சாப்பிட்டதும் ஒரு முறை கொண்டுபோய் விடுவேன். காலைப் பிடித்துக் கிளறிக் காட்டியதெல்லாம் இல்லை, அது அதற்குப் பிடிக்கவும் இல்லை.

படிக்கட்டு:
ஆய் பற்றிப் பேச்சு போகிறது, மூச்சா பற்றி ஒன்று. எங்கள் ஆண் பூனை எட்டு மாதத்தில் திடீரென்று கால்மிதியில் போக ஆரம்பித்தான். குறும்பு என்று கால்மிதியை எடுத்துவிட்டேன். பிறகு பார்த்தால் பெட்டியில் போய்ப் போய் உட்காருகிறான், முக்குகிறான், சொட்டுதான் வருகிறது. மூத்திரக்குழாய் அடைப்பு. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். ஆண் பூனை உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

பஞ்சு வீடு:
நன்றி, எல்லோருக்கும். இரண்டாவது பெட்டி வைத்தாயிற்று, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி. அதில் மூச்சா, இதில் ஆய் என்று அவளே பிரித்துக்கொண்டாள். சோபாவுக்குப் பின்னால் வாசனையை அடியோடு போக்கும் என்சைம் கிளீனர் போட்டு ஊறவைத்துத் துடைத்த பிறகு அங்கே போகவில்லை. நமக்கு வாசனை போய்விட்டாலும் அவளுக்கு அதுவரை போகவில்லை போலிருக்கிறது.

மூடுவதுதான் இன்னும் வரவில்லை. ஆய் ஒரு மூலையில் கிடக்க, இவள் எதிர் மூலையில் நின்று சுவரை மும்முரமாகப் பிறாண்டுகிறாள். முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் போய்க் கரண்டியால் மூடுகிறேன்.