வீட்டில் வைத்த சோளம், கடலை: பூஞ்சை நஞ்சு பற்றிக் கண்டவை

டிரம்மில் கொட்டி வைத்த மக்காச்சோளம் மேல்பக்கம் மட்டும் பூஞ்சை பிடித்திருந்தால் மூடியின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், நீர் கோத்திருக்கும். களத்துச் சூட்டோடு அள்ளித் தகர டிரம்மில் போட்டு மூடுவதால் வரும் வினை இது. ராத்திரி தகரம் குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் ஆவி மூடியில் வேர்த்து, மேல் நாலு விரல் தானியத்தில் சொட்டும். நடுவில் கைவிட்டு எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். நிழலில் பரப்பி, சூடு முழுக்க ஆறிய பிறகே கொட்ட வேண்டும். மக்காச்சோளத்தில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உரித்த நிலக்கடலைப் பருப்பில் 7, 8க்கு மேல் போகக் கூடாது. வேப்பிலை போட்டால் வண்டு ஒருவேளை குறையும், பூஞ்சைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

*

ஈரமானி இல்லாதவர்களுக்கு உப்பு போதும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளம், வெயிலில் காய்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி வெயில்தான். ஒட்டாவிட்டாலும் இன்னொரு நாள் காய வையுங்கள். 13க்கும் 14க்கும் உள்ள வித்தியாசத்தை உப்பு காட்டாது.

*

உப்புச் சோதனை ஈரத்தைத்தான் சொல்லும், நஞ்சைச் சொல்லாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மேலே படிந்த பச்சைத் தூளைத் துடைத்தாலும், கழுவி வேகவைத்தாலும் உள்ளே இறங்கியது போகாது. வறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 2004இல் கென்யாவின் மக்குவேனி, கிடுயி பகுதிகளில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். சரியாகக் காயாத மக்காச்சோளத்தை வீட்டுக்குள் வைத்துத் தின்றவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

நம் நாட்டில் தானியத்தில் இந்த நஞ்சுக்கு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். முற்றிலும் கெட்ட ஒரே ஒரு கடலைப் பருப்பு, ஒரு கிலோவையே அந்த வரம்பைத் தாண்ட வைக்கும். அதனால் பரிசோதனைக்கு அனுப்பும்போது மேலாக ஒரு கைப்பிடி அள்ளாதீர்கள். அடி, நடு, ஓரம் எல்லாவற்றிலும் எடுத்து, அரைத்துக் கலந்து அனுப்ப வேண்டும்.

*

கடலைக்குக் கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி வீட்டில் கிடையாது. சுருங்கியது, தோல் கறுத்தது, பூச்சி துளைத்தது, இரண்டாகப் பிளந்தால் நடுவில் மஞ்சளோ சாம்பலோ படிந்தது, எல்லாம் வெளியே. "சொத்தையைச் செக்குக்குப் போட்டுவிடலாம்" என்று சொல்வதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது நஞ்சு நீங்கும். செக்கில் அந்த வேலையே கிடையாது. நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கோடு போய், மாடு தின்று, பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் திரும்பி வரும்.

கழித்ததைக் கோழிக்கும் போடாதீர்கள். வாத்துக்குஞ்சு அதைவிடவும் தாங்காது. மூக்கில் துணி கட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளினால் தூள் பறக்காது. தொழுவத்திலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள். கெட்டது இருந்த சாக்குப்பையில் புதுத் தானியம் கட்ட வேண்டாம்.