மேப்பில் எண்ணைப் போட்டால் பாலைவனம் வருகிறது – அவசரம்

கரும்புக்காடு (செவ்வாய், இரவு 9.10)
வணக்கம். இங்கே மொரிசியசில் எங்கள் தாத்தா காலத்துக் கோயில் இருந்த இடத்தைத் தேடுகிறேன். பழைய மேப்பைப் பார்த்து எழுதி வைத்த எண்ணைக் கூகுள் மேப்பில் போட்டேன். எங்கேயோ பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மூன்று தடவை போட்டாயிற்று, அதே மணல்தான். காவடி மலர் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இடம் தெரிந்தாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஃபோன் டாக்டர் (9.16)
ஃபோனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? எனக்கும் இப்படித்தான் ரோஸ் ஹில்லில் நின்றால் கியூர்ப்பிப் காட்டியது.

தெற்குக்காற்று (9.18)
என்ன எண்? எந்த மேப்? எந்தப் பாலைவனம்? ஒன்றையும் சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

கரும்புக்காடு (9.25)
மன்னிக்கவும். 20.6, 55.14. சவூதி, ஓமான் எல்லைப் பக்கம் விழுகிறது.

தெற்குக்காற்று (9.27)
அதானே பார்த்தேன்! மைனஸ் போடவில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். வெறும் 20 என்றால் அது வடக்கு 20 என்று எடுத்துக்கொள்ளும். நம் தீவை அப்படியே வடக்கே புரட்டிப் போட்டால் ஓமான்தான் வரும். இந்தத் தப்பைச் செய்யாத மொரிசியஸ்காரர் கிடையாது. -20.6 என்று போடுங்கள், முடிந்தது.

மோக்கா மதுரைக்காரன் (9.31)
அல்லது இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பார். சில மென்பொருளில் முதலில் கிழக்கு மேற்கு, அப்புறம்தான் வடக்கு தெற்கு. நான் வேலை செய்த இடத்தில் இதனால் ஒரு வாரமே வீணாய்ப் போனது. மாற்றிப் பாருங்கள்.

கரும்புக்காடு (9.40)
மைனஸ் போட்டால் கடல். மாற்றிப் போட்டால் அதுவும் கடல்தான், பால்டிக் கடலாம், பக்கத்தில் ரஷ்யா என்று காட்டுகிறது. எங்கள் தாத்தா கோயில் ரஷ்யாவில் இருக்காது என்று நினைக்கிறேன்.

வரைபட வாத்தியார் (9.52)
இந்தக் கேள்விக்கு நான் பல முறை பதில் எழுதியாகிவிட்டது. யாரும் படிப்பதில்லை. டேட்டம் என்று ஒன்று உண்டு. பூமியை எந்த உருண்டையாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது. மொரிசியசுக்கு லெ பூஸ் 1934 என்று தனி டேட்டமே இருக்கிறது. அதை மாற்றாமல் கூகுளில் போட்டால் தப்பான இடம்தான் வரும். அட்சரேகை, தீர்க்கரேகை என்றால் என்ன என்று முதலில் ஒரு பள்ளிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வருவது நல்லது.

மோக்கா மதுரைக்காரன் (9.58)
வாத்தியாரே, டேட்டம் மாறினால் மீட்டர் கணக்கில்தான் தள்ளும். ஆளை நடுக்கடலில் கொண்டுபோய்ப் போடாது. அப்புறம், ரேகை ரேகை என்கிறீர்களே, அகலக்கோடு, நெடுங்கோடு என்று அழகான தமிழ் இருக்கும்போது எதற்கு?

வரைபட வாத்தியார் (10.03)
நான் படித்தபோது அட்சரேகைதான். நீங்கள் சொல்வது இலங்கைப் புத்தகத்துச் சொல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. நிலநேர்க்கோடு என்பாரும் உண்டு. நான்கு பெயர் வைத்தாலும் கோடு ஒன்றுதான்.

சான்தெனி வாசி (10.11)
நான் பக்கத்து ரெயூனியன் தீவின் சான்தெனி ஊரிலிருந்து எழுதுகிறேன். மைனஸ் போட்ட பிறகு வரும் இடம் எங்கள் ஊருக்கு வடமேற்கே உள்ள கடல். எங்கள் தீவே கிழக்கு 55 டிகிரி 30 நிமிடம் பக்கத்தில்தான் இருக்கிறது. மொரிசியஸ் முழுவதும் 57ஐத் தாண்டித்தான். 55.14 என்ற எண் உங்கள் தீவுக்குள் வரவே வராது. மேப்பில் சரியாகத்தான் பார்த்தீர்களா அண்ணா?

கரும்புக்காடு (10.20)
சரியாகத்தான் பார்த்தேன் தம்பி. அடிக்கோல் வைத்து ஓரத்தில் உள்ள கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அத்தை வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய மேப். தாத்தா பென்சிலால் ஒரு சிலுவை போட்டு வைத்திருக்கிறார், அதுதான் பழைய மாரியம்மன் கல் இருந்த இடம் என்று அத்தை சொல்வார். 20 டிகிரி, அடுத்து 6. அந்தப் பக்கம் 55, அடுத்து 14.

துறைமுகத் தாத்தா (10.34)
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. 20 டிகிரி 6 நிமிடம் என்பது 20.6 ஆகாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், கடிகாரம் மாதிரி. 6 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.1. ஆக 20.1. அதே மாதிரி 14 நிமிடம் 0.23. நீங்கள் போட்ட எண்ணால் தெற்கே அரை டிகிரி, அதாவது 55 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள்.

ஆனால் இதைத் திருத்தினாலும் கடல்தான் வரும், சான்தெனிக்கு வடக்கே 90 கிலோமீட்டரில். சான்தெனித் தம்பி சொன்னது நியாயம், 55 இங்கே இல்லை. ஒன்று கேட்கிறேன். அதே மேப்பில் போர்ட் லூயிஸ் எந்த எண்ணில் இருக்கிறது? சிலுவையை விடுங்கள், துறைமுகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் மேப்பின் தலைப்பு என்ன?

ஃபோன் டாக்டர் (10.36)
ஃபோனை அணைத்துப் போட்டீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

ரோஸ் ஹில் அக்கா (10.41)
இந்தப் பேச்சு நடக்கும்போதே ஒரு சந்தேகம் கேட்டுவிடுகிறேன். எங்கள் கோயிலுக்குச் சென்னைப் பஞ்சாங்கம்தான் வருகிறது. அதில் உள்ள நேரத்திலிருந்து ஒன்றரை மணியைக் குறைத்துப் போடுகிறோம். இந்தக் கோட்டுக் கணக்குப்படி அது சரியா?

தெற்குக்காற்று (10.45)
சரிதான் அக்கா. இந்தியக் கடிகாரம் 82 டிகிரி 30 நிமிடக் கோட்டை வைத்து. நாம் நிற்பது ஏறக்குறைய 57 டிகிரி 30. வித்தியாசம் 25 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சூரியன் 4 நிமிடம் எடுக்கும், ஆக 100 நிமிடம். கடிகார வித்தியாசம் 90. பத்து நிமிடத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

வரைபட வாத்தியார் (10.50)
தப்பு. திதி முடியும் நேரத்துக்கு 90ஐக் கழித்தால் சரி, பத்து நிமிடப் பேச்சே அங்கே இல்லை, அது உலகம் முழுவதும் ஒரே கணத்தில் முடிவது. ராகு காலத்துக்கு அது செல்லாது. ராகு காலம் அந்தந்த ஊர்ப் பகல் பொழுதை எட்டாகப் பிரித்துச் சொல்வது. டிசம்பரில் சென்னையில் பகல் குறுகிக் கிடக்கும், நமக்கோ 13 மணி நேரத்துக்கு மேல். அட்சரேகை வேறு, அரைக்கோளமே வேறு.

(இதில் வாத்தியார் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கே கஷ்டமாக இருக்கிறது – மோக்கா மதுரைக்காரன்)

ரோஸ் ஹில் அக்கா (10.57)
அப்போது இத்தனை வருஷமாகப் போட்ட ராகு காலம் எல்லாம்?

தெற்குக்காற்று (10.59)
அக்கா, கல்யாணம் செய்தவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள். விடுங்கள்.

கரும்புக்காடு (11.12)
இப்போதுதான் அத்தையை எழுப்பிப் பார்த்தேன், திட்டிவிட்டார். போர்ட் லூயிஸ் 20 டிகிரி 10, அந்தப் பக்கம் 55 டிகிரி 10. தலைப்பில் இல் தெ பிரான்ஸ் என்று நம் தீவின் பழைய பிரெஞ்சுப் பெயர் இருக்கிறது. கீழே சில எழுத்துகள் சட்டத்துக்குள் மறைந்திருக்கின்றன.

துறைமுகத் தாத்தா (11.20)
கிடைத்துவிட்டது. போர்ட் லூயிஸ் உண்மையில் 57 டிகிரி 30. உங்கள் மேப்பில் 55 டிகிரி 10. வித்தியாசம் 2 டிகிரி 20 நிமிடம். இன்று எல்லோரும் பூஜ்யமாக எண்ணும் லண்டன் கிரீன்விச்சுக்குப் பாரிஸ் எவ்வளவு கிழக்கே இருக்கிறதோ அதே அளவு. உங்கள் மேப் பூஜ்யத்தைப் பாரிசிலிருந்து எண்ணியிருக்கிறது.

அகலக்கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. நிலநடுக்கோடு பூமி சுழல்வதால் தானாக அமைந்தது, எல்லோருக்கும் பூஜ்யம் அங்கேதான். அதனால்தான் உங்கள் 20 டிகிரி 10 அப்படியே ஒத்துப்போகிறது. நெடுங்கோட்டுக்கு இயற்கையில் தொடக்கம் கிடையாது, அவரவர் தம் ஊரிலிருந்து எண்ணினார்கள். 1884இல் வாஷிங்டனில் கூடிக் கிரீன்விச் என்று முடிவு செய்தபோது பிரான்ஸ் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. 1911 வரை நேரத்தைக்கூடப் பாரிஸ் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

ஆக 55 டிகிரி 14உடன் 2 டிகிரி 20 கூட்டினால் 57 டிகிரி 34. இப்படிப் போடுங்கள்: -20.1, 57.567

வரைபட வாத்தியார் (11.31)
பிரெஞ்சு மேப் என்றதும் நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் பாரிஸ் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? பழைய பிரெஞ்சுக்காரர்கள் கானரித் தீவுகளில் ஒன்றான ஃபெர்ரோவிலிருந்தும் எண்ணியிருக்கிறார்கள். லகாய் பாதிரியார் 1753இல் இந்தத் தீவை அளந்த கதையெல்லாம் படித்தால்தான் தெரியும்.

துறைமுகத் தாத்தா (11.36)
ஃபெர்ரோவைப் பாரிசுக்கு 20 டிகிரி மேற்கே என்று வைத்தார்கள் ஐயா. அதிலிருந்து எண்ணியிருந்தால் போர்ட் லூயிஸ் 75இல் வந்திருக்கும். 55 வந்திருக்கிறது. இதற்குப் பாதிரியார் எதற்கு?

சான்தெனி வாசி (11.40)
240 கிலோமீட்டர் வித்தியாசம்! ஒரு கோயிலையே எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். திருப்பித் தரமாட்டோம்.

கரும்புக்காடு (11.48)
பாம்ப்லமூஸ்!!! அந்த ஊர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சட்டத்தின் பின்னட்டையை நீக்கிப் பார்த்தேன், ஓரத்தில் மெரிதியேன் தெ பாரி, அதாவது பாரிஸ் நெடுங்கோடு, என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அத்தை மறுபடியும் திட்டினார். எல்லோருக்கும் நன்றி.

துறைமுகத் தாத்தா (11.55)
சந்தோஷம். ஆனால் அந்தப் புள்ளியை அப்படியே மலரில் அச்சடித்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் தப்பினாலே 1.8 கிலோமீட்டர். அடிக்கோலில் பென்சில் தடிமனே ஒரு நிமிடத்தை விழுங்கும். அந்தக் காலத்து நெடுங்கோடும் துல்லியமில்லை, கப்பலில் நல்ல கடிகாரம் கிடைக்காத நாள்கள் அவை. மேப்பில் ஆறோ, கல் பாலமோ, பழைய ஆலைப் புகைபோக்கியோ சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நேரில் போய்த் தேடுங்கள்.

மோக்கா மதுரைக்காரன் (புதன், காலை 7.20)
ஆமாம், எண்ணை நம்பிப் போனால் யார் வீட்டுக் கோழிக்கூண்டிலாவது கற்பூரம் ஏற்ற வேண்டிவரும்.

ரோஸ் ஹில் அக்கா (புதன், காலை 8.05)
எட்டாகப் பிரிக்கும் கணக்கை யாராவது ஒரு தாளில் எழுதிப் போடுங்களேன். விடியல் எத்தனை மணி என்று எங்கே பார்ப்பது?

வரைபட வாத்தியார் (புதன், காலை 9.30)
அதற்குத் தனி இழை தொடங்கவும். இது வரைபட இழை.

துறைமுகத் தாத்தா (அடுத்த திங்கள், மாலை 6.10)
கரும்புக்காடு தம்பி, போனீர்களா? கல் கிடைத்ததா?

ஃபோன் டாக்டர் (செவ்வாய், காலை 10.02)
ஆளைக் காணோம். ஃபோனை அணைத்துப் போடச் சொன்னேனே, அப்படியே அணைத்துவிட்டார் போல.