மக்காச்சோளம் தேடிப் போய்க் கோதுமை தின்ற கதை

அலுவலக வேலையாக ஐந்து நாள் அரிசோனாவில் இருந்தேன். ஜூன் மாதம், பாலைவனம். வெயிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஊரின் பெயரையே முதல் நாள் தப்பாகச் சொன்னேன். ‘டக்சன்’ என்றேன். வாடகைக் கார்ச் சாவியை நீட்டிய பெண் சிரித்துக்கொண்டே ‘டூசான்’ என்று திருத்தினார். நடுவில் ஓர் எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறதாம்.

நான் இருப்பது சிகாகோ. மெக்சிகன் சாப்பாடு என்றால் எனக்கு உள்ளங்கை அகல மக்காச்சோள டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி, அதன்மேல் கறி, பொடி வெங்காயம், கொத்தமல்லித்தழை. டூசானோ மெக்சிகோ எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர்தான். 1854-ல் அமெரிக்கா விலைகொடுத்து வாங்கும்வரை மெக்சிகோவாகவே இருந்த மண். அசல் மக்காச்சோளம் இங்கேதான் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். கிடைத்தது கோதுமை.

அங்கே எங்களோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்குப் பூர்வீகம் எல்லைக்கு அந்தப் பக்கம், சொனோரா மாநிலம். என்னை ‘மிஹோ’ என்றுதான் கூப்பிடுவார். மகனே என்று அர்த்தம். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர்தான் தெற்கே 12-ஆம் அவென்யூவுக்குக் கூட்டிப் போனார். தெரு நெடுக மெக்சிகன் கடைகள். ஒரு கடையில் ஓர் அம்மா டார்ட்டியா போட்டுக்கொண்டிருந்தார். மாவு உருண்டையைக் கைக்குக் கை மாற்றித் தட்டி, தட்டத் தட்ட அது முழங்கையைத் தாண்டியது. நம் வீச்சு பரோட்டா மாஸ்டருக்கு அடிக்க ஒரு மேசை வேண்டும். இந்த அம்மா காற்றிலேயே வேலையை முடித்துவிட்டார். கவிழ்த்துப் போட்ட வாணலி மாதிரி குமிழ்ந்த கல்லில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். பேர் சொபாகேரா. ‘சொபாகோ’ என்றால் அக்குளாம். அதுவரை இழுபடும் என்பதால் அந்தப் பேர். “இதைச் சாப்பிட்டு முடித்தபிறகு சொல்லியிருக்கலாமே” என்றேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏன் கோதுமை என்று கேட்டதற்கு அவர் சொன்ன விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பாலைவனத்தின் ஓதாம் பழங்குடியினர் மக்காச்சோளம், பீன்ஸ் பயறு, பூசணி மூன்றையும் கோடை மழையை நம்பிப் போட்டவர்கள். குளிர்காலத்தில் உறைபனி விழும், அந்தப் பயிர்கள் தாங்காது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கீனோ என்ற பாதிரியார் கோதுமை விதையோடு வந்தார். குளிர்காலத்தில் விதைத்து, கோடை மழை வருவதற்குள் அறுத்துவிடலாம். காலியாக இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. ஐரோப்பியர்களோடு மாடும் வந்தது. அதனால்தான் சொனோராச் சமையலில் கோதுமை, மாட்டுக்கறி, சீஸ் மூன்றும் முன்னால் நிற்கின்றன. நான் எதிர்பார்த்த காரமும் இல்லை, தட்டில் அதிக ஆர்ப்பாட்டமும் இல்லை. மெஸ்கீட் என்ற பாலைவன மரத்தின் விறகில் சுட்ட கறியை அந்த மெல்லிசு டார்ட்டியாவில் சுற்றி, எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறார்கள்.

அப்புறம் ஹாட் டாக். சொனோரன் ஹாட் டாக் என்று தனி ஜாதியே இருக்கிறது. பேக்கன் சுற்றிய சாசேஜ், படகு மாதிரி கொஞ்சம் இனிப்பான ரொட்டி, மேலே பீன்ஸ், தக்காளி, வெங்காயம், மயோனைஸ், கடுகுச் சாந்து, பச்சைமிளகாய்ச் சட்னி. பக்கத்தில் சுட்ட மஞ்சள் மிளகாய் ஒன்று. தள்ளுவண்டியாக ஆரம்பித்த எல் குவேரோ கனேலோ என்ற கடைக்கு 2018-ல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதே கிடைத்தது. எனக்கு முதல் பாதி பிடித்தது. மறுபாதியில் கொஞ்சம் என் சட்டை சாப்பிட்டது.

என் மனதில் நின்றது கார்னே சேக்கா, அதாவது காயவைத்த கறி. 1922-ல் மோனிகா ஃபிளின் என்ற பெண்மணி தொடங்கிய எல் சாரோ என்ற உணவகம் இன்னும் நடக்கிறது. அங்கேதான் சாப்பிட்டேன். எலுமிச்சையும் பூண்டும் போட்டு ஊறிய கறியைக் கூரைமேல் கம்பிக்கூண்டுக்குள் தொங்கவிட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். பார்த்ததும் பாட்டி வீட்டு மொட்டைமாடியில் கயிற்றில் கோத்துக் காயும் உப்புக்கண்டம்தான் ஞாபகம் வந்தது. பாட்டிக்குக் கூண்டு கிடையாது. காக்காய் விரட்ட நான் இருந்தேன்.

கடைசி நாள் மதியம் ஒரு சின்னக் கடையில் மேசைமேல் கிண்ணத்தில் சிவப்பாக, குண்டுமணி அளவில் ஏதோ இருந்தது. மிளகாய் தின்று வளர்ந்த திமிரில் நாலைந்தை வாயில் போட்டு மென்றேன். பெரியவர் “மிஹோ!” என்று கத்தியதுதான் கேட்டது. காது அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, பேச்சு நின்றுவிட்டது. ஆனால் எப்படி வந்ததோ அப்படியே கொஞ்ச நேரத்தில் போயும்விட்டது. அதன் பேர் சில்டெபின். காட்டுச்செடி, மற்ற மரங்களின் நிழலில் முளைக்கும். பழத்தைத் தின்னும் பறவைகள்தான் விதையைப் பரப்புகின்றன, அவற்றுக்குக் காரம் உறைப்பதில்லை. நாம் குழம்புக்குக் கிள்ளிப்போடும் மிளகாயும் இதே இனம், இந்த மாதிரிக் காட்டுச்செடியிலிருந்து வந்ததுதான். உருவத்தில் அச்சு அசல் மிளகு. மிளகாய்க்கு ‘மிளகு காய்’ என்று பேர் வைத்தவர் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

*

உங்கள் டூசான் கட்டுரையைப் படித்ததும் பழைய நினைப்பெல்லாம் வந்துவிட்டது அண்ணா. கணவர் ஆராய்ச்சி மாணவராக இருந்த 3 வருடம் நாங்கள் டூசானில்தான் இருந்தோம். நாங்கள் சைவம். அந்தக் கஷ்டத்தையும் யாராவது சொல்ல வேண்டுமில்லையா?

போன புதிதில் டார்ட்டியாவில் பீன்ஸை வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோதான் எனக்குக் கதி. வாரம் இரண்டு முறை சாப்பிட்டேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா, “பீன்ஸை எதில் வதக்குகிறார்கள் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார். பன்றிக்கொழுப்பு! நாலு மாதம் சாப்பிட்டிருக்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்கவேயில்லை. அன்றிலிருந்து ‘சின் மான்டேகா’ என்பது நான் கற்ற முதல் ஸ்பானிஷ் வாக்கியமாயிற்று. கொழுப்பு இல்லாமல் என்று அர்த்தம். போகிறவர்கள் டார்ட்டியாவுக்கும் சேர்த்தே கேளுங்கள், அதிலும் போடுவார்கள்.

கள்ளிமடலை முள் சீவி வதக்கிக் கொடுப்பார்கள், நொபாலெஸ் என்று பேர். வெண்டைக்காய் வழவழப்பு பிடித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். என் கணவர் இன்றுவரை தொடவில்லை. ஹமைக்கா என்று அடர்சிவப்பில் ஒரு சர்பத் எல்லாக் கடையிலும் உண்டு. அது நம் புளிச்சக்கீரைச் செடியின் பூ இதழடிதான். நாம் கீரையைத் தின்கிறோம், அவர்கள் பூவைக் குடிக்கிறார்கள். புளி கரைத்த சர்பத்தும் கிடைக்கும், பேர் தாமரிந்தோ. பானகம் நினைப்பில் குடித்தேன், சுக்கும் ஏலக்காயும்தான் இல்லை.

எனக்குச் சொத்து கிடைத்த மாதிரி இருந்தது டெப்பரி பீன்ஸ். ஓதாம் மக்கள் காலங்காலமாகப் பயிரிடுவது, அந்த வறண்ட மண்ணுக்கென்றே அமைந்தது. டூசான் பக்கத்தில் சான் சவியேரில் அவர்களுடைய கூட்டுறவுப் பண்ணையில் வெள்ளை, பழுப்பு இரண்டும் வாங்கலாம். முதல்முறை கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, குக்கரில் நாலு விசில் விட்டேன். கல் மாதிரி இருந்தது. அடுத்தமுறை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, விசிலையும் இரட்டிப்பாக்கினேன். நவராத்திரிக்குத் தேங்காய் போட்டுச் சுண்டல் செய்து கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தேன். “என்ன பயறு இது, ஊரிலிருந்து கொண்டுவந்ததா?” என்று ஒரு மாமி கேட்டார். பாலைவனத்துப் பயறு மாமி என்றேன், நம்பவில்லை.

*

பன்றிக்கொழுப்பு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை தங்கச்சி, சொன்னதற்கு நன்றி. சில்டெபின் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. பெரியவர் கிளம்பும்போது காய்ந்த சில்டெபின் ஒரு சின்னப் பாட்டில் கொடுத்துவிட்டார். அப்போது அம்மா சிகாகோவில் எங்களோடு இருந்தார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார், ஒன்றே ஒன்றை எடுத்து நுனிப்பல்லில் கடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரசத்தில் மிளகுக்குப் பதில் ஐந்தாறைத் தட்டிப் போட்டிருந்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே மூன்று முறை வாங்கிக் குடித்தோம்.

அம்மா ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் பாட்டிலைத் தேடினேன். அலமாரியில் இல்லை.